அக்கா கேட்ட கணக்கு

ராமேஸ்வரம் தீவில் பாம்பனைத் தாண்டினால் அக்காள்மடம், அதற்கடுத்து தங்கச்சிமடம். கால்நடையாகச் சேதுயாத்திரை வந்தவர்கள் தங்கிப்போன மடங்களின் பெயர் ஊர்ப்பெயராக நின்றுவிட்டது என்பார்கள். அந்த அக்காள் யார், தங்கச்சி யார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. எங்கள் வீட்டுக் கதை சின்னது. அக்கா எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு கடலில் பாசி எடுக்கப் போனாள். அந்தக் காசில் தங்கச்சி மதுரைக்குப் போய்த் தமிழில் முனைவர் பட்டம் வாங்கினாள். அக்கா இன்னும் அக்காள்மடத்தில்தான் இருக்கிறாள்.

பாசி எடுப்பதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பார்களில், அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று பெண்கள் படகேறிப் போவார்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டி, மூச்சைப் பிடித்து முங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம், ஒரு விலை. அந்த இருபத்தொரு தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அதற்குப் பிறகு பெண்கள் இறங்கிக்கொண்டிருந்த அதே தண்ணீரில், இறங்கலாமா கூடாதா என்று கேட்க யாராவது ஒருவர் சீருடையில் வந்துகொண்டே இருந்தார். முட்டிவலி வந்தபின் அக்கா பாக் நீரிணைப் பக்கம் மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கிறாள். பெப்சி நிறுவனம் கொண்டுவந்ததால் அதற்கு ஊரில் பெப்சிப் பாசி என்றே பெயர். கட்டிவிட்டால் நாற்பத்தைந்து நாளில் அறுவடை. அதனால் அக்காவுக்குக் காலம் என்பதே நாற்பத்தைந்து நாள்தான். “ஆறு மாசம்” என்று அவளிடம் சொன்னால் “நாலு அறுவடை” என்று மனதுக்குள் மாற்றிக்கொள்வாள்.

அவள் மகன் வெலிங்டனில் பயிற்சி முடித்துச் சத்தியப்பிரமாணம் எடுக்கிறான், பெற்றவர்கள் வரலாம் என்று செய்தி வந்தபோது, அத்தான் வண்டி பேசினார். அக்கா மிதவையை யார் பார்த்துக்கொள்வது என்று பேசினாள். சுமார் 450 கிலோமீட்டர். அத்தான், அக்கா, சின்னவள், எழுபதைத் தாண்டிய எங்கள் அம்மா, நான். ஒரு பழைய டவேரா. விடிகாலை நாலு மணிக்குப் பாம்பன் பாலத்தில் ஏறும்போது அத்தான் டிரைவர் தம்பிக்குப் பக்கத்தில் புதுச்சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் நாலு பெண்களும் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. யாரும் யாரிடமும் சொல்லிவைத்துக்கொள்ளவில்லை. நெடுந்தூரம் போகும் பெண்களுக்கு இது தானாகத் தெரியும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்; படகில் அம்மாவும் அக்காவும் முப்பது வருஷம் அப்படித்தான் இருந்தார்கள். பரமக்குடியில் ஒரு பங்க்கில் கழிப்பறை பூட்டியிருந்தது. மானாமதுரை தாண்டி இன்னொரு பங்க்கில் சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். அத்தானும் டிரைவரும் வழியில் இரண்டு கருவேல மரத்தடியில் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். நாட்டுக்குப் பிள்ளையைக் கொடுக்கப் போகிற தாய்க்கு நாட்டில் ஒதுங்க இடம் கிடைத்தது மதுரையில், என் வீட்டில்.

திண்டுக்கல் தாண்டியதும் அக்கா கேட்டாள்: “அந்த வேலையோட கணக்க ஒருக்கா முழுசா படிச்சுச் சொல்லு. இவுக சொல்றது புரியல.” இவுக என்பது அத்தான். அவர் பட்டாளத்து வேலை என்பதைத் தாண்டி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

செல்போனில் எடுத்துவைத்திருந்ததைப் படித்தேன். அக்னிபத் திட்டம் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்டது. நாலு வருஷப் பணி. முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 பிடித்து நிதியில் சேர்த்து, 21,000 கைக்கு வரும். பிடிக்கிற தொகைக்குச் சமமாக அரசும் போடும். நாலாம் வருஷம் சம்பளம் 40,000 ஆகும். முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் தருவார்கள். நாலு வருஷம் கழித்து நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு வரலாம். ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை கிடையாது.

“பழைய பட்டாளத்துக்காரங்களுக்கு?”

“பதினைஞ்சு பதினேழு வருஷம் இருந்தா ஆயுசுக்கும் பென்ஷன். அவருக்குப் பிறகு பொண்டாட்டிக்கு.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு விரல்விட்டாள். “நாலு வருஷம்னா முப்பத்திரண்டு அறுவடை. காத்து, மழைன்னு கழிச்சா இருபது நிக்கும்.” கடல் சூடேறி மிதவையோடு பாசி வெளுத்துச் செத்த ஆண்டுகளையும் அவள் கழித்திருக்க வேண்டும், சத்தமாகச் சொல்லவில்லை. இன்னொரு வரியும் இருந்தது. 48 லட்சம் காப்பீடு. அதையும் படித்தேன்.

“அந்தக் கணக்கு வேண்டாம். உசுரோட வந்தா என்ன, அதச் சொல்லு.”

அதற்குப் பிறகு ஒட்டன்சத்திரம் வரை வண்டியில் யாரும் பேசவில்லை.

என் ஆய்வு புறத்திணைப் பாடல்களில் வரும் பெண்குரல் பற்றியது. ஒவ்வோராண்டும் முதுகலை வகுப்பில் மூதின்முல்லை நடத்துகிறேன். மறக்குடியில் பிறந்த பெண்ணுக்கும் ஆணைப்போலவே வீரம் உண்டு என்று காட்டும் துறை. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய், முன்தின போர்களில் தகப்பனையும் கணவனையும் இழந்தவள். போர்ப்பறை கேட்டதும் இருக்கிற ஒரே மகனுக்குத் தலைவாரி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய தாய், மகன் புறமுதுகிட்டான் என்று சொன்னவர்களிடம் சபதம் செய்துவிட்டுக் களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டுகிறாள். மகன் முன்னால் நின்று வெட்டுப்பட்டுக் கிடப்பதைப் பார்த்துப் பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். இந்த இரண்டாவது பாட்டுக்கு இட்ட துறையின் பெயர் உவகைக் கலுழ்ச்சி. மகிழ்ச்சியில் அழுதல். துறைப் பெயர்கள் பாடியவர்கள் வைத்தவை அல்ல, பின்னால் தொகுத்தவர்கள் வைத்தவை என்பார்கள் ஆய்வாளர்கள். பிணங்களுக்கு நடுவில் நிற்கும் ஒருத்தியின் அழுகைக்கு உவகை என்று பெயரிட ஒரு தொகுப்பாசிரியர் தேவைப்பட்டார் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பாடியவர்கள் பெண்கள்தானே என்று மாணவிகள் கேட்பார்கள். ஆமாம், பெண்கள்தான். அதுதான் இந்தப் பாடல்களை எளிதில் தள்ளிவிட முடியாமல் செய்கிறது. ஒரு பெண் தன்னிடம் எதிர்பார்க்கப்படுவதை எதிர்பார்ப்பவர்களைவிட அழகாகச் சொல்லிவிட முடியும். சொல்லிக்கொண்டே, சொல்லாத ஒன்றையும் உள்ளே வைத்துவிட முடியும்.

இவற்றில் எனக்கு மிகவும் வேண்டியது பொன்முடியாருடையது, புறநானூற்றில் 312ஆவது. ஒரு தாய் ஐந்து பேரின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறாள். தாய்க்குப் பெற்று வளர்ப்பது, தந்தைக்குச் சான்றோனாக்குவது, கொல்லனுக்கு வேல் வடித்துத் தருவது, மகனுக்குப் போரில் யானையை வெட்டி மீள்வது. மேடைப் பேச்சாளர்களுக்கு மனப்பாடமான பாட்டு. நாலாவதாக வேந்தன் இருக்கிறான். அவன் கடமை என்ன என்ற இடத்தில்தான் பாடவேறுபாடு. ஒரு பாடத்தின்படி அவன் தரவேண்டியது நல்ல நடை, அதாவது ஒழுக்கம். இன்னொரு பாடத்தின்படி அது தண்ணடை. மருதநிலத்து ஊர், விளைச்சல் நிலம். பெண்ணின் கடமையில் பாடவேறுபாடு இல்லை. கொல்லனின் கடமையில் இல்லை (கொல்லனுக்குக் கூலியும் கிடைத்திருக்கும்). அரசன் என்ன கொடுக்கவேண்டும் என்று வரும்போதுதான் ஏடுகள் தமக்குள் மாறுபடுகின்றன. நிலமா, அறிவுரையா? இருபது வருஷமாக இதை வகுப்பில் ஒரு சுவையான செய்தியாகச் சொல்லிவருகிறேன். தாராபுரம் சாலையில், விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த அக்காவுக்குப் பக்கத்தில், அந்தத் தாயும் கணக்குத்தான் கேட்கிறாள் என்று பட்டது. அவள் கடமைகளைப் பாடவில்லை. நான் செய்துவிட்டேன், கொல்லன் செய்துவிட்டான், இனி நீ சொல் என்கிறாள்.

சின்னவள் அதுவரை காதில் ஏதோ மாட்டிக்கொண்டிருந்தவள், அவிநாசி தாண்டியபோது எடுத்துவிட்டுக் கேட்டாள்: “சித்தி, பொம்பளப் புள்ளைங்கள எடுக்குறதப் பத்தி அதுல போட்டிருக்கா?”

அவள் கேட்பதற்கு உரிமை இருந்தது. அண்ணன் தேர்வுக்கு ஓடிப் பழகிய காலமெல்லாம் கடற்கரையில் விடியுமுன் நின்று நேரம் பார்த்தவள் அவள். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். மணலில் ஓடினால் ரோட்டில் பறக்கலாம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். பாதிநாள் கூடவே ஓடினாள். அவளுடைய நேரத்தைத்தான் யாரும் எடுக்கவில்லை.

தரைப்படையில் சிப்பாய் நிலையில் பெண்களுக்குத் திறந்திருக்கும் வாசல் ராணுவக் காவல் பிரிவு. அதன் முதல் அணி, 83 பெண்கள், பெங்களூரில் பயிற்சி முடித்து வந்தது 2021 மே 8இல். அதிகாரிகளாகப் பெண்கள் தொண்ணூறுகளிலேயே வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் ஆண்களைப்போல நிரந்தரப் பணி தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 பிப்ரவரி ஆயிற்று. ஆனால் அந்த வாசலுக்கு ஆங்கிலமும் பட்டப்படிப்பும் வேண்டும். பாசிக்காரியின் மகளுக்கு அது தூரம். கடற்படை பரவாயில்லை. ஒடிசாவில் சில்கா பயிற்சித் தளத்திலிருந்து 2023 மார்ச் 28 அன்று வெளிவந்த முதல் அக்னிவீரர் அணியிலேயே 270க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். இதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. “நேவின்னா எனக்கு என்ன கஷ்டம்? கடல் எனக்குத் தெரியும்.”

“தெரியும். யூனிபார்ம் போட்ட படகு வந்து நின்னா ஒங்கப்பா எப்படி நிப்பாருன்னு தெரியுமா?” என்றாள் அக்கா. “நாளைக்கு அந்தப் படகுல நீ நிப்ப. கீழ எவ அப்பன் நிப்பான்?”

அத்தான் திரும்பவில்லை. அவரைப் பாக் நீரிணையில் ஒருமுறை பிடித்துக்கொண்டுபோய் ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். அது அக்கரைக்காரர்களின் சீருடை. ஆனால் 2022 அக்டோபர் 21 அன்று அதே நீரிணையில் ஒரு படகை நோக்கிச் சுட்டது நம் கடற்படைக் கப்பல். நிறுத்தச் சொல்லியும் நிற்காததால் சந்தேகப்பட்டுச் சுட்டதாகச் சொன்னார்கள். குண்டு பட்டது மயிலாடுதுறை மாவட்டத்து மீனவர் ஒருவருக்கு. எங்கள் கரையில் அந்தச் செய்தியை யாரும் மறக்கவில்லை.

பெண்ணியம் பேசுகிறவள் என்ற முறையில் சின்னவளுக்கு நான் என்ன சொல்லவேண்டும் என்று எனக்கு முன்னால் இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக நிற்கின்றன. எல்லா வாசலும் பெண்ணுக்குத் திறக்கவேண்டும் என்பது ஒன்று. துப்பாக்கியைத் தூக்குவது சமத்துவம் ஆகாது என்பது மற்றது. இரண்டும் கருத்தரங்கில் நன்றாக நிற்கும். பதினேழு வயதில், மாதம் 21,000 ரூபாயும், வீட்டைவிட்டு வெளியே போக ஒரு காரணமும், அண்ணனைவிட வேகமாக ஓடும் கால்களும் உள்ள ஒருத்திக்கு முன்னால் இரண்டுமே கொஞ்சம் கூச்சப்படுகின்றன. அடுத்த வாரம் உன் நேரத்தை நான் எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அக்கா மறுக்கவில்லை.

மேட்டுப்பாளையத்துக்கு மேல் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். அம்மா ஒவ்வொன்றையும் வாந்தியால் எண்ணினாள். “கடல்ல ஒருநாளும் எனக்கு இப்படி வந்ததில்ல” என்பதை ஒவ்வொரு முறையும் சொன்னாள். குறை மலையின் மேல்தான். குன்னூரில் ஒரு அறையில் ஐந்து பேரும் எல்லாப் போர்வைகளையும் போர்த்திக்கொண்டு படுத்தோம். அக்காவிடம் ஸ்வெட்டர் இல்லை. என்னுடையதைத் தந்தேன். காலையில் அதற்கு மேல் பட்டுச்சேலையைச் சுற்றிக்கொண்டாள். முந்தானை தெரியவேண்டும் அல்லவா.

மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758இல் தொடங்கியது, இந்தியத் தரைப்படையின் காலாட்படைகளில் மிகப் பழையது. வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். அக்கா பிளாஸ்டிக் பையைத் திறந்து ஆதாரை எடுத்துக்கொடுத்துவிட்டு, கேட்காமலேயே பாசி எடுப்பதற்கான மீன்வளத்துறை அட்டையையும் நீட்டினாள். காவலுக்கு நின்ற பையன், மலையாளியாக இருக்கவேண்டும், அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். சீருடையைப் பார்த்ததும் அந்த அட்டையை எடுப்பது அவள் கைக்குப் பழகிப்போனது.

அணிவகுப்பு அழகாக இருந்தது. இதைச் சொல்லவேண்டும். அத்தனை பையன்களின் பூட்ஸ் ஒரே நேரத்தில் தரையில் விழும்போது, என்னதான் படித்திருந்தாலும் வயிற்றுக்குள் ஏதோ எழுகிறது. எங்கள் பையன் எந்த வரிசையில் என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா மட்டும், வயசான கண்ணோடு, “அந்தா, இடதுகைய வீசுறான் பாரு, அவ தாத்தன் மாதிரி” என்று காட்டினாள். கீதை, பைபிள், குர்ஆன், தேசியக்கொடி முன்னால் உறுதிமொழி எடுத்தார்கள். உப்பு வாயில் இட்டுச் சத்தியம் செய்தார்கள். பிறகு அந்த ரெஜிமென்ட்டின் போர்முழக்கம். “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு.” தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் பையன்கள் எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லும் இரண்டு தமிழ் வினைகள், முன்னிலை ஒருமை ஏவல்.

“யாரக் கொல்லச் சொல்றாங்க?” என்றாள் அம்மா, தாழ்த்திப் பேசத் தெரியாத குரலில். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தாய்மார்களைச் சுற்றிவந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது எனக்குத் தெரியும், அதன் துறைப்பெயரும் தெரியும். பக்கத்தில் ஒரு தாய் அழுதுகொண்டே மகனின் தொப்பியைச் சரிசெய்தார். அந்தப் படம் அடுத்த நாள் வந்திருக்கும். அக்கா அழவில்லை. மகனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ப்புகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கயிறு இழுக்கும் கைகளில் வரும் காய்ப்பு அவளுக்குத் தெரியும், இது வேறு இடத்தில் இருந்தது.

“உப்பு குடுத்தாங்கம்மா” என்றான் அவன், பெருமையாக.

“ஒனக்குப் புதுசா உப்பு குடுக்கணுமாக்கும். நீ வயித்துல இருக்கையில ஏழு மாசம் வரைக்கும் நான் தண்ணிக்குள்ளதான் கெடந்தேன்” என்று சிரித்தாள். பிறகு, “என்ன சொல்லிச் சத்தியம் பண்ணுன?”

நிலம், கடல், ஆகாயம், எந்த வழியாக அனுப்பினாலும், உயிருக்கு ஆபத்து வந்தாலும் போவேன் என்று.

“சரி. அவுக என்ன சொல்லிச் சத்தியம் பண்ணுனாங்க?”

பையன் சிரித்தான். என்னைப் பார்த்தான். அத்தான், “போதும், வா, போட்டோ எடுப்போம்” என்றார். எடுத்தோம். பெற்றவர்களுக்கும் பதக்கம் அணிவித்தார்கள். அக்கா அதைப் போட்டுக்கொண்டுதான் படத்தில் நிற்கிறாள், ஸ்வெட்டர் கை முட்டிவரை ஏறியிருக்க, உண்மையான மகிழ்ச்சியோடு. அவளுக்குப் பெருமை இல்லை என்று யாரும் இதைப் படித்துவிட்டு நினைக்கவேண்டாம். பெருமையும் கணக்கும் ஒரே மடியில் கிடக்கக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இறங்கும் வழியில் பையன் போனில் கூப்பிட்டான். படிவத்தில் வாரிசு என்ற இடத்தில் அம்மா பெயரைத்தான் எழுதியிருக்கிறேன் என்றான். அத்தான் இரண்டு வளைவு தாண்டும்வரை ஒன்றும் சொல்லாமல் வந்து, பிறகு, “சரியாத்தான் செஞ்சிருக்கான்” என்றார். அக்காவுக்கு வேறு கவலை. “எப்படி எழுதுனான்?” அவள் பெயர் மூன்று அட்டைகளில் மூன்று விதமாக இருக்கிறது. ஒன்றில் முதலெழுத்து அப்பாவுடையது, ஒன்றில் அத்தானுடையது, ஒன்றில் ஓர் எழுத்தே காணோம். (அவள் பெயரை இங்கே எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டாள், எழுதினால் நாலாவது விதமாகிவிடும் என்றாள்.) பிளாஸ்டிக் பையை மடியில் கவிழ்த்து மூன்றையும் வரிசையாக வைத்தாள். சின்னவள் தன் நோட்டில் ஒவ்வொன்றையும் எழுத்து எழுத்தாக இறக்கினாள். எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது, அதற்கு எந்த அலுவலகம் என்று நான் சொல்லச் சொல்ல, பர்லியார் வருவதற்குள் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

திங்கட்கிழமை அறுவடை நாள். அதைச் செவ்வாய்க்குத் தள்ளிவிட்டு அக்கா காலையிலேயே தங்கச்சிமடம் போய் வரிசையில் நின்றதாகச் சின்னவள் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள். கீழே இன்னொரு வரி: “சித்தி, 7 நிமிஷம் 10 செகண்ட். மணல்ல.”